குண்டுமணி எடை மருந்து... 2,000 குக்கர் அழுத்தம்! வீட்டில் தோட்டா நிரப்பும் அமெரிக்கர்களின் 'அளவு' தேடல்

குக்கரில் மூன்றாவது விசில் வந்ததும் அடுப்பை அணைக்க ஓடுகிறோம். அப்போது குக்கருக்குள் இருக்கும் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்ட். அந்த அழுத்தத்துக்கே வால்வு அடைத்துக்கொண்டால் மூடி கூரையைத் தொடுகிறது.

இப்போது ஒரு கைத்துப்பாக்கியை நினைத்துக்கொள்ளுங்கள். உலகில் பரவலாகப் புழங்கும் 9 மி.மீ. லூகர் தோட்டா வெடிக்கும் கணத்தில், உள்ளே உருவாகும் அழுத்தத்துக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 35,000 பவுண்ட். அதாவது, குக்கரைப் போல 2,000 மடங்குக்கும் மேல். அதுவும் சமையலறை மேடையில் அல்ல, இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவில், முகத்திலிருந்து ஒரு கை தூரத்தில்.

அந்தத் தோட்டாவைக் கடையில் வாங்காமல், வீட்டு கார் ஷெட்டில் உட்கார்ந்து தாங்களே செய்துகொள்கிறவர்கள் அமெரிக்காவில் ஏராளம். 'ரீலோடிங்' என்பது அங்கே மீன்பிடித்தல், மரவேலை போல ஒரு வார இறுதிப் பொழுதுபோக்கு. சொந்த உபயோகத்துக்கு என்றால் மத்திய அரசின் உரிமம்கூடத் தேவையில்லை. தொழிலாகச் செய்து விற்றால்தான் உரிமம் வேண்டும்.

நமக்கு இது தூரத்து ஊர்ப் பழக்கம். இந்தியாவில் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். ஆனால் அந்த கார் ஷெட்டில் எழும் ஒரு கேள்வி நமக்கும் பழக்கமானதுதான்: "எவ்வளவு போடணும்?" அந்தக் கேள்விக்கு யார் சொல்லும் பதிலை நம்புவது என்பதில்தான் விரல்களும் கண்களும் பிழைக்கின்றன. அதிலும் 'முலாம் பூசிய குண்டு' என்று ஒரு வகை இருக்கிறது. அதற்கு அளவு கண்டுபிடிப்பது தனிப் பாடு.

தோட்டா என்பது நான்கு பொருள்

நாம் பேச்சில் தோட்டா, குண்டு, ரவை எல்லாவற்றையும் ஒன்றாகவே சொல்லிவிடுகிறோம். உண்மையில் ஒரு தோட்டாவில் நான்கு பாகங்கள். வெளியே பித்தளைக் கூடு. அதன் அடியில் சின்னப் பொட்டு போல பிரைமர். சுத்தியல் தட்டியதும் பொறி தருவது இதுதான். கூட்டுக்குள் புகையற்ற மருந்து. வாயை அடைத்தபடி மேலே உட்கார்ந்திருப்பது குண்டு. சுட்ட பிறகு பறந்துபோவது இந்தக் குண்டு மட்டுமே. பித்தளைக் கூடு சுட்டவரின் காலடியில் விழுகிறது.

அதைப் பொறுக்கி எடுத்து, சுத்தம் செய்து, உப்பிய உடலைப் பழைய அளவுக்கு அழுத்தி, புது பிரைமர் பொருத்தி, மருந்து அளந்து போட்டு, புதுக் குண்டை வைத்து மூடினால் மீண்டும் ஒரு தோட்டா. ஒரே கூட்டைப் பல முறை பயன்படுத்தலாம். நான்கில் விலை கூடிய பாகம் பெரும்பாலும் இந்தப் பித்தளைதான் என்பதால் செலவு மிச்சம். போட்டிகளுக்காக வாரம் நூற்றுக்கணக்கில் சுடுகிறவர்களுக்கு அது பெரிய தொகை. கொரோனா காலத்தில் கடைகளில் தோட்டாவே கிடைக்காமல் போனபோது, இந்தப் பக்கம் திரும்பியவர்கள் பலர்.

மருந்தை அளக்கும் அலகு 'கிரெயின்'. ஒரு தானிய மணியின் எடையிலிருந்து வந்த பழைய அலகு. ஒரு கிரெயின் என்பது சுமார் 65 மில்லிகிராம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின். நம் ஊர்ப் பத்தர் தங்கம் நிறுக்கப் பயன்படுத்திய குண்டுமணி ஏறக்குறைய 2 கிரெயின் இருக்கும். சாதாரணக் கைத்துப்பாக்கித் தோட்டாக்கள் பலவற்றில் போடும் மருந்து அரை கிராமைக்கூடத் தொடாது. சில குண்டுமணி எடைதான். ஆகவே ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு வரை காட்டும் தராசு இல்லாமல் யாரும் இந்த வேலையில் இறங்கக்கூடாது.

கைப்பக்குவம் ஏன் செல்லாது?

"கொஞ்சம் கூடக் குறைய ஆனால் என்ன?" என்று கேட்கலாம். சாம்பாரில் உப்பு இரண்டு மடங்கானால் வாய் இரண்டு மடங்கு கரிக்கும், அவ்வளவுதான். மருந்தின் கணக்கு வேறு.

புகையற்ற மருந்து மூடிய இடத்தில் எரிகிறது. எரியும்போது வாயு உண்டாகி அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏறினால் மருந்து இன்னும் வேகமாக எரிகிறது. வேகமாக எரிந்தால் அழுத்தம் இன்னும் ஏறுகிறது. ஒன்றை ஒன்று துரத்தும் இந்த ஓட்டத்துக்கு ஒரே போக்கிடம், குண்டு முன்னே நகர்ந்து இடம் விடுவதுதான். குண்டு நகரத் தாமதித்தாலோ, கூட்டுக்குள் காலி இடம் குறைந்தாலோ, மருந்து சற்றுக் கூடினாலோ, அழுத்தம் படிப்படியாக ஏறாமல் ஒரே பாய்ச்சலாக ஏறிவிடும். அப்புறம் பித்தளைக் கூடு கிழியும். துப்பாக்கியின் பிடி பிளக்கும். சில சமயம் குழலே வெடிக்கும்.

இதில் இன்னொரு வலையும் உண்டு. பழைய கரிமருந்துக் காலத்தில் கூட்டை நிறைய நிரப்பினால்தான் போதிய வேகம் கிடைக்கும். இரண்டு தடவை போட நினைத்தாலும் வழிந்து காட்டிக்கொடுத்துவிடும். .38 ஸ்பெஷல் தோட்டாவின் நீளமான கூடு அந்தக் காலத்தின் மிச்சம். இன்றைய மருந்து அதன் அடியில் கொஞ்சமாகக் கிடக்கும். தவறி இரண்டாவது முறை போட்டுவிட்டாலும் உள்ளே இடம் இருக்கும், வெளியே தெரியாது. அதனால்தான் அனுபவசாலிகள் குண்டை வைத்து மூடுமுன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பார்க்கிறார்கள்.

'அப்படியானால் குறைத்தே போட்டுவிடலாமே, பாதுகாப்புதானே?' என்றால், அதுவும் முழு உண்மை இல்லை. மருந்து மிகக் குறைந்தால் குண்டு குழலின் நடுவிலேயே நின்றுவிடும். மருந்தே போட மறந்தாலும், பிரைமரின் உந்துதல் மட்டுமே குண்டைக் குழலுக்குள் தள்ளிச் சிக்கவைக்கப் போதும். 'டப்' என்று வழக்கத்தைவிட மெல்லிய சத்தம். கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டால், அடைத்த குழலுக்குள் இரண்டாவது குண்டு போய் மோதும். சில மருந்துகளை அவற்றின் தயாரிப்பாளர்களே 'இதற்குக் கீழே குறைக்காதீர்கள்' என்று எச்சரித்து விற்கிறார்கள்.

ஆகவே ஒவ்வொரு சேர்க்கைக்கும் 'இதிலிருந்து தொடங்கு, இதைத் தாண்டாதே' என்று இரண்டு எண்கள் வேண்டும். அவை யூகமாக இருக்கக்கூடாது. யாரோ உண்மையில் அளந்ததாக இருக்க வேண்டும்.

அந்த எண்ணை யார் அளக்கிறார்கள்?

வீட்டில் அளக்க முடியாத ஒன்று அழுத்தம். அதற்கென்றே கனமான சோதனைக் குழல், அழுத்தத்தை மின் சைகையாக மாற்றும் உணர்கருவி எல்லாம் வேண்டும். மருந்து நிறுவனங்களும் குண்டு நிறுவனங்களும் தங்கள் ஆய்வகத்தில் சுட்டு அளந்து, அட்டவணையாக வெளியிடுகின்றன. எந்தத் தோட்டாவுக்கு எவ்வளவு அழுத்தம் வரை போகலாம் என்ற வரம்பை, 1926-ல் தொடங்கப்பட்ட 'சாமி' என்ற தொழில்துறை அமைப்பு வகுக்கிறது. 9 மி.மீ. லூகருக்கு 35,000 என்றால், .45 ஏசிபி தோட்டாவுக்கு 21,000, .38 ஸ்பெஷலுக்கு 17,000. உருவத்தில் பெரியது அதிகம் தாங்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம்.

அட்டவணைப் புத்தகங்களின் வரலாறும் நீளம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே 'ஐடியல்' என்ற நிறுவனம் கையேடுகள் போட்டது. 1925-ல் அதை 'லைமன்' நிறுவனம் வாங்கியது. லைமன் கையேடு இன்றும் பதிப்பு மேல் பதிப்பாக வருகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ராணுவத்தில் மிஞ்சிய மருந்தை வாங்கி விற்கத் தொடங்கிய புரூஸ் ஹாட்ஜ்டனின் பெயரில் வளர்ந்த நிறுவனம், இப்போது தன் அட்டவணைகளை இணையத்தில் இலவசமாகவே வைத்திருக்கிறது. ஸ்பியர், ஹார்னடி, சியரா போன்ற குண்டு நிறுவனங்களுக்கும் சொந்தக் கையேடுகள் உண்டு.

சரி, இவ்வளவு புத்தகம் இருக்கும்போது அளவுக்கு என்ன பஞ்சம்? சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கவரிங் நகை போல ஒரு குண்டு

குண்டுகளில் பெரும்பாலானவை ஈயத்தை அடிப்படையாகக் கொண்டவை. கையேடுகள் அவற்றை நெடுங்காலமாக இரண்டு பந்திகளில் உட்கார வைத்திருக்கின்றன.

முதல் பந்தி, வெறும் ஈயக் குண்டு. உருக்கி அச்சில் ஊற்றி எடுப்பது. மெதுவானது, விலை குறைந்தது. குழலின் உட்புறத்தில் திருகு மாதிரி ஓடும் வரிப்பள்ளங்களில் எளிதாக அழுந்திப் போகும். ஆனால் வேகம் கூடினால் குழலுக்குள் ஈயம் அப்பிக்கொள்ளும்.

இரண்டாவது பந்தி, சட்டை போட்ட குண்டு. ஈயத்தின்மேல் தனியாகச் செய்த செம்புக் கலவைத் தகடு. கோயில் விமானத்துக்குத் தகடு வேய்வதுபோல. பொதுவாக 95 விழுக்காடு செம்பும் 5 விழுக்காடு துத்தநாகமும் கலந்த கலவை. தடிமனும் உறுதியும் அதிகம். வேகத்தையும் அழுத்தத்தையும் தாங்கும். விலையும் கூடுதல்.

இந்த இரண்டுக்கும் நடுவில் வந்து நிற்பதுதான் முலாம் பூசிய குண்டு. மிருதுவான ஈயத்தை அழுத்தி உருவம் செய்து, செம்புக் கரைசலில் போட்டு மின்சாரம் செலுத்தினால், ஈயத்தின்மேல் செம்பு மெல்ல மெல்லப் படியும். கவரிங் நகைக்குத் தங்க முலாம் ஏறும் அதே தத்துவம். படிந்த பிறகு மீண்டும் அச்சில் அழுத்தி அளவைச் சரிசெய்கிறார்கள். முலாமின் தடிமன் அங்குலத்தில் ஆயிரத்தில் சில பங்குகள்தான்.

பார்த்தால் சட்டை போட்ட குண்டு மாதிரியே பளபளக்கும். விலை அதைவிடக் குறைவு. ஈயம் கையில் ஒட்டாது. வெறும் ஈயக் குண்டைப் போலப் புகையும் வராது. அதனால் பயிற்சிக்கு நிறையப் பேர் இதை விரும்புகிறார்கள். யூட்டா மாநிலத்தில் இருக்கும் 'பெர்ரிஸ்' நிறுவனம் இந்த வகையில் பிரபலம்.

ஆனால் பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. கவரிங் வளையலைத் தங்கம் என்று நினைத்து அடகுக்கடைக்கு எடுத்துப்போனால் உரைகல் காட்டிக்கொடுக்கும். முலாம் குண்டைச் சட்டை போட்ட குண்டு என்று நினைத்து உச்ச அளவு மருந்தைப் போட்டால் காட்டிக்கொடுப்பது குழல். வேகம் வரம்பைத் தாண்டும்போது மெல்லிய முலாம் கிழிந்து ஈயத்திலிருந்து பிரியும். குறி தவறும். பிய்ந்த செம்புத் துணுக்கு குழலுக்குள்ளேயே தங்கவும் கூடும். கையேட்டின் இரண்டு பந்தியிலும் இதற்குச் சொந்த இலை இல்லை. இதுதான் பிரச்னை.

பாதுகாப்பான அளவுக்கு ஐந்து படிகள்

விவரம் தெரிந்தவர்கள் ஒரு வரிசையில்தான் தேடுகிறார்கள். குறுக்கு வழி தேடுவதில்லை.

முதல் படி, குண்டு செய்தவர் என்ன சொல்கிறார்? தன் முலாம் எவ்வளவு தாங்கும் என்று அவருக்குத்தான் தெரியும். பெர்ரிஸ் நிறுவனத்தின் அறிவுரை எளிமையானது: சட்டை போட்ட குண்டுக்கான அட்டவணையில் கீழிருந்து நடு வரையிலான அளவுகளைப் பயன்படுத்துங்கள், நடுவைத் தாண்டாதீர்கள், மேக்னம் வேகத்துக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு குண்டுக்கும் வேக வரம்பும் உண்டு. அவர்களுடைய சாதாரண முலாம் குண்டு பலவற்றுக்கு அது வினாடிக்கு 1,250 அடி. தடித்த முலாம் பூசியவற்றுக்கு இன்னும் அதிகம். ஆகவே 'முலாம் குண்டு' என்று பொதுவாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. எந்த நிறுவனம், எந்த மாதிரி என்பது வேண்டும். ஸ்பியர் நிறுவனத்தின் 'கோல்ட் டாட்' குண்டில் செம்பு படிவதும் மின்முறையில்தான். ஆனால் அதன் தடிமனே வேறு, அதற்கென்று தனி அட்டவணையே இருக்கிறது. ஒன்றின் அளவை மற்றொன்றுக்குத் தூக்கிப்போடுவது ஆபத்து.

இரண்டாவது படி, மருந்து செய்தவரின் அட்டவணை. ஹாட்ஜ்டன் போன்ற நிறுவனங்களின் பட்டியலில் சில முலாம் குண்டுகள் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. அதே குண்டு, அதே மருந்து, அளந்த அழுத்தம். இப்படி நேரடியாகக் கிடைத்தால் அதைவிட நல்லது எதுவும் இல்லை.

மருந்தின் பெயரில் மட்டும் ஒரு எழுத்துகூடப் பிசகக்கூடாது. 'ஹெச் 4350', 'ஐஎம்ஆர் 4350' என்று துப்பாக்கி மருந்துகள் இரண்டு உண்டு. எண் ஒன்றே, மருந்து வேறு. ஒன்றுக்கான அளவை மற்றதற்குப் போடக்கூடாது. மாறாக, கைத்துப்பாக்கிக்கான 'ஹெச்பி 38', 'வின்செஸ்டர் 231' இரண்டும் பெயரில்தான் வேறு, உள்ளே ஒரே மருந்து. பெயரைப் பார்த்து உறவு சொல்ல முடியாத குடும்பம் இது.

மூன்றாவது படி, நேரடி அளவு கிடைக்காவிட்டால் ஒத்த குண்டைத் தேடுவது. 'ஒத்த' என்றால் எடை மட்டும் அல்ல. வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே எடையில் உருண்டை முனையும் உண்டு, தட்டை முனையும் உண்டு, குழிந்த முனையும் உண்டு. நீளமான குண்டு கூட்டுக்குள் ஆழமாக இறங்கும். ஆழமாக இறங்கினால் மருந்துக்கு இடம் குறையும். இடம் குறைந்தால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம். 9 மி.மீ. போன்ற சின்னக் கூட்டில் ஒரு மில்லிமீட்டர்கூட அழுத்தத்தைப் பெரிதாக மாற்றிவிடும். அதனால்தான் கையேடுகள் மருந்தின் எடையோடு, தோட்டாவின் மொத்த நீளத்தையும் சேர்த்தே தருகின்றன. எடையை மட்டும் படித்துவிட்டு நீளத்தை விட்டால் பாதிச் சீட்டைப் படித்து மாத்திரை சாப்பிட்ட கதைதான்.

நான்காவது படி, ஒரு புத்தகத்தோடு நிற்காமல் இன்னொன்றையும் திறப்பது. இரண்டிலும் உச்ச அளவு வேறுவேறாக இருக்கும். சோதித்த துப்பாக்கி, பிரைமர், கூடு, மருந்துத் தொகுதி எல்லாமே வேறு என்பதால் இது சகஜம். இரண்டில் தாழ்ந்த எண்ணை எடுத்துக்கொள்வதே விதி. தாத்தா காலத்துக் கையேடு நினைவுப் பொருளாக அலமாரியில் இருக்கட்டும். அளவுக்குப் புதிய பதிப்பு.

ஐந்தாவது படி, தொடக்க அளவிலிருந்து தொடங்குவது. முதலில் சில தோட்டாக்கள் மட்டும். சுட்டுப் பார்த்து, வேகமானியில் வேகத்தை அளந்து, சின்னச் சின்னப் படியாக ஏறுவது. புத்தகம் சொன்ன வேகத்தைவிட உங்கள் குண்டு வேகமாகப் போகிறது என்றால் மகிழ வேண்டாம். வேகம் சும்மா வராது. அழுத்தத்தைக் கொடுத்துத்தான் வாங்கியிருக்கிறது. அங்கேயே நிறுத்த வேண்டும். 'வெடித்த கூட்டைப் பார்த்தாலே அழுத்தம் தெரிந்துவிடும்' என்ற நம்பிக்கையும் கைத்துப்பாக்கியில் எடுபடாது. கூட்டில் அடையாளம் தெரியும் முன்பே வரம்பு தாண்டியிருக்கும்.

யார் சொன்னாலும் நம்பலாமா?

எல்லாப் படியும் ஏறிப் பார்த்தும் தெளிவு கிடைக்காத சமயம் வரும். அப்போதுதான் சபலம் தட்டும். தெரிந்தவர் ஒருவர், "நான் இருபது வருஷமா இதைத்தான் போடுறேன், ஒண்ணும் ஆகலை" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அவருடைய துப்பாக்கி வேறு, குழல் வேறு, கூடு வேறு. முக்கியமாக, அவர் அழுத்தத்தை அளந்ததே இல்லை. வெடிக்கவில்லை என்பதை மட்டுமே அறிவார். வரம்புக்கு எவ்வளவு பக்கத்தில் நின்றார் என்பது அவருக்கும் தெரியாது.

அதைவிட மோசம், கைமாறிக் கைமாறி வரும் எண். 4.5 என்பதற்கும் 5.4 என்பதற்கும் நடுவே இருப்பது ஒரு விரல் பிழைதான். எழுத்துப் பிழை என்றால் சிரித்துவிட்டுப் போகலாம். இங்கே சிரிக்க முடியாது. இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் தயங்காமல் பதில் சொல்லும் செயலிகளும் வந்துவிட்டன. தடுமாறாமல் சொல்வதாலேயே ஒரு எண் அளந்த எண் ஆகிவிடாது.

மேஜையில் ஒரு டப்பா மட்டும்

நல்ல அளவு கிடைத்த பிறகும் வேலை முடியவில்லை. அளவு சரியாக இருந்து கை தவறினால் பலன் ஒன்றுதான். பழுத்த கைகள் சில பழக்கங்களை விடுவதே இல்லை.

மேஜையில் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கும். வேலை முடிந்ததும் அளவுக் குழாயில் மிஞ்சிய மருந்து அதே டப்பாவுக்குத் திரும்பும். 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விட்டால், அடுத்த வாரம் அது எந்த மருந்து என்று சந்தேகம் வரும். சந்தேகம் வந்த மருந்து குப்பைக்குத்தான். தராசு ஒவ்வொரு முறையும் படிக்கல் வைத்துச் சரிபார்க்கப்படும். தொலைக்காட்சி, போன், பேச்சுத்துணை எதுவும் கிடையாது. நிரப்பிய பெட்டியின்மேல் தேதி, குண்டு, மருந்து, அளவு, நீளம் எல்லாம் எழுதி ஒட்டப்படும்.

முலாம் குண்டுக்கு இன்னும் ஒரு பத்தியம் உண்டு. கூட்டின் வாயைக் குண்டின்மேல் இறுக்கி மூடும்போது மிதமாக இறுக்க வேண்டும். அதிகம் இறுக்கினால் விளிம்பு முலாமை வெட்டிவிடும். வெட்டிய இடத்தில்தான் சுடும்போது கிழியும். அதற்காகத் தளர்வாக விட்டாலும் தொல்லை: தானியங்கிக் கைத்துப்பாக்கியில் தோட்டா மேலேறி மோதும்போது குண்டு உள்ளே தள்ளப்பட்டு, மருந்தின் இடம் சுருங்கிவிடும். மூடிய தோட்டாவில் ஒன்றிரண்டைப் பிரித்து, முலாமில் வெட்டு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு.

வீட்டில் குழந்தைகள் இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். முலாம் குண்டில் ஈயம் மூடியிருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் வழக்கமான பிரைமரிலேயே ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூடுகளைச் சுத்தம் செய்யும்போது பறக்கும் தூசியில் அந்த ஈயம் கலந்திருக்கும். குழந்தைகளின் உடலுக்கு இவ்வளவு ஈயம் வரை பரவாயில்லை என்று ஒரு அளவே கிடையாது என்கிறது மருத்துவ உலகம். அதனால் அந்த மேஜையில் காபி டம்ளர் வைப்பதில்லை. முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுகிறார்கள். அந்தச் சட்டையோடு பிள்ளையைத் தூக்குவதில்லை. மருந்தும் பிரைமரும் வாங்கிய டப்பாவிலேயே, பூட்டிய அலமாரியில் இருக்கும்.

எண் இல்லாவிட்டால்?

கவனித்திருப்பீர்கள். இவ்வளவு நீளக் கட்டுரையில், எந்தக் குண்டுக்கு எத்தனை கிரெயின் மருந்து என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை. மறந்துபோய் அல்ல. அந்த எண் இருக்க வேண்டிய இடம் வார இதழ் அல்ல. அதை அளந்தவரின் அட்டவணை.

நம் வீடுகளிலும் இது நடக்கிறது. 'பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இந்த சிரப் இத்தனை மில்லி கொடுத்தாங்க, சரியாப் போச்சு' என்று கேட்டு அதே அளவை ஊற்றுகிறோம். அந்தக் குழந்தையின் எடை என்ன, பாட்டிலின் வீரியம் என்ன என்று கேட்பதில்லை. எண் ஒன்றாக இருக்கும். பொருள் வேறாக இருக்கும்.

கார் ஷெட்டில் உட்கார்ந்திருப்பவர் கடைசியில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றுதான். இந்த எண்ணை யார் அளந்தார்? எந்தக் குண்டை வைத்து அளந்தார்? என் கையில் இருப்பது அதே குண்டுதானா? மூன்றில் ஒன்றுக்குப் பதில் இல்லை என்றாலும், அன்றைக்கு மருந்து டப்பாவைத் திறக்காமல் எழுந்துபோவதே நல்ல ரீலோடருக்கு அழகு. குண்டுப் பெட்டி எங்கும் ஓடிவிடாது. தயாரித்த நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டால் பதில் வரும். அதுவரை பெட்டி அலமாரியிலேயே இருக்கட்டும். பத்து விரலும் கையிலேயே இருக்கும்.